நந்தாதேவியின் இரட்டை முடியை அட்டையிலும் காகிதக் கூழிலும் வடிப்பது எப்படி

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு மலை என்றால் குன்றக்குடி. சற்றுத் தொலைவு போய் வந்தவர்களுக்குப் பிரான்மலை. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டரைக்கூட எட்டாத செம்மண் தரையில் வளரும் இவர்களுக்கு 7816 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் ஏற்ற வரலாற்றைச் சொல்ல வேண்டுமானால், படங்களும் பெயர்ப்பட்டியலும் போதா. எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வாசிப்புக்கு வரும் மாணவர்களோடு சேர்ந்து நந்தாதேவியின் நிலவடிவ மாதிரியை நான் இருமுறை செய்திருக்கிறேன். முதல் மாதிரியில் உயரத்தை இரண்டு மடங்காக்கி வைத்தேன். மலை கோபுரம்போல ஒடுங்கி நின்றது, எந்த வழியாக மனிதர்கள் ஏறினார்கள் என்று பிள்ளைகளால் கைவைத்துக் காட்ட முடியவில்லை. இரண்டாவது மாதிரி சரியாக அமைந்தது. பள்ளியிலோ நூலகத்திலோ வீட்டுப் பட்டாலையிலோ இதைச் செய்ய விரும்புவோருக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உத்தராகண்டில் உள்ள நந்தாதேவி, இந்தியாவின் எல்லைக்குள் முழுமையாக அடங்கிய மலைகளில் மிக உயரமானது. அதற்கு இரண்டு உச்சிகள் உண்டு: மேற்கே உள்ள முதன்மை உச்சி 7816 மீட்டர், கிழக்கு உச்சி 7434 மீட்டர். இவ்விரண்டையும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் உயர்ந்த முகடு இணைக்கிறது. மலையைச் சுற்றி ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சுற்றளவில் மற்ற மலைகள் கோட்டைச் சுவர்போல வளைந்து நிற்கின்றன. அந்தச் சுவர் பெரும்பாலும் 5500 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மேற்கில் ரிஷிகங்கை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் ஒரே ஓர் இடுக்கு மட்டும் திறந்திருக்கிறது. மூவேந்தரும் முற்றுகையிட்டு நின்றும் உள்ளே நுழைய முடியாத பாரியின் பறம்பைப் பிரான்மலையோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கிவிடுகிறது.

ஆகவே மாதிரியைச் செய்யும் வரிசை முக்கியம். பலரும் நடுவில் உள்ள மலையை முதலில் எழுப்பிவிட்டுச் சுற்றுச்சுவரை அலங்காரம்போலப் பிறகு சேர்ப்பார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வேன்: முதலில் சுவர், பிறகு இடுக்கு, கடைசியில் மலை. வரலாறும் அந்த வரிசையில்தான் நடந்தது. 1883 முதல் 1934 வரை அரை நூற்றாண்டு காலம் மலையேறிகள் போராடியது மலையோடு அன்று, சுவரோடு. கட்டும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு நாளும் எதைச் சொல்வது என்று தனியே யோசிக்கவே தேவையில்லை.

அளவுத்திட்டம் 1:50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர், பலகையில் இரண்டு சென்டிமீட்டர். காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு உள்ள பத்துக் கிலோமீட்டர் இந்தப் பலகையில் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் வரும். ஒரு சாணை விரித்துக் காட்டினால் பிள்ளைகள் தூரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். 70 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை போதும்; தென்மேற்கில் திரிசூல், வடமேற்கில் துனாகிரி, தென்கிழக்கில் நந்தா கோட் ஆகிய மலைகள்வரை அதில் அடங்கும். பிளைவுட் வளையும். பழைய வீட்டைப் பிரித்தெடுத்த கதவுப் பலகை கிடைத்தால் அதுவே மேல்; நாங்கள் பயன்படுத்தியது ஒரு பர்மா தேக்குப் பலகை, ஆசாரி இழைத்துக் கொடுத்தார், இன்றுவரை ஒரு நூல்கூட வளையவில்லை.

உயரத்துக்கும் அதே அளவுத்திட்டத்தையே கொள்ளுங்கள். உயரத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இந்த மலைக்கு அது வேண்டாம். தென்மேற்கில் உள்ள பனியாற்றிலிருந்து முதன்மை உச்சிவரை 4.2 கிலோமீட்டர் கிடைத்தூரத்துக்குள் மலை 3300 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. நம் மாதிரியில் அது எட்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குள் ஆறரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். உண்மை அளவே இவ்வளவு செங்குத்தாக இருக்கும்போது பொய் அளவு எதற்கு?

அடுக்குகளுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் நெளிவு அட்டைப்பெட்டிகள் போதும். நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டையாகப் பார்த்துப் பொறுக்குங்கள். ஓர் அட்டை 200 மீட்டர் உயரத்துக்குச் சரியாக நிற்கும். பலகையின் பரப்பை 3000 மீட்டர் என்று கொண்டால் முதன்மை உச்சிக்கு 24 அட்டைகளும், கிழக்கு உச்சிக்கு 22 அட்டைகளும் அவற்றின்மேல் ஒரு சிறு முனையும் வரும். பெட்டியின் தடிப்பு மாறுபட்டால் அடிக்கோல் வைத்துப் பத்து அட்டைகளை அடுக்கி அளந்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துங்கள்; இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு உச்சிகளுக்கும் இடையிலான 382 மீட்டர் வேறுபாடு, அதாவது மாதிரியில் முக்கால் சென்டிமீட்டர், கலைந்துபோகும்.

சம உயரக் கோடுகள் தெளிவாக உள்ள வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்து, நம் அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு தாள்களாக அச்சிட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 200 மீட்டர்க் கோட்டையும் கார்பன் தாள் வைத்து அட்டையில் படியெடுத்து வெட்ட வேண்டும். அட்டையின் நெளிவு ஒரே திசையில் இராதபடி, ஒன்றை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி வைத்தால் வளையாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சி, அதில் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. மயில்துத்தம் நஞ்சு என்பதால் அந்தப் பசையைப் பெரியவர்களே காய்ச்சித் தடவ வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஃபெவிகால் கொடுங்கள்.

இப்போது சுவரை எழுப்பலாம். நடுவில் மலை நிற்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் மட்டும் குறித்துவிட்டு, சுற்றுமலைகளின் அடுக்குகளை முழுவதும் ஒட்டி முடியுங்கள். நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் சுவரும் இருக்கும் அந்த நிலையில் பிள்ளைகளை உட்காரவைத்து, உள்ளே போக வழி எங்கே என்று கேளுங்கள். எல்லோரும் மேற்கு இடுக்கையே காட்டுவார்கள். 1883இல் டபிள்யூ. டபிள்யூ. கிரஹாம் தம் தோழர்களான எமில் பாஸ், உல்ரிக் காஃப்மன் ஆகியோருடன் அதைத்தான் செய்தார். இடுக்கின் பாறைச் சுவர்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1905இல் டாம் லாங்ஸ்டாஃப் கிழக்கேயுள்ள கோரிகங்கைப் பக்கத்திலிருந்து ஏறி, பிரோஷரல் சகோதரர்களுடன் சுவரின் மேலேயே போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். 5910 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நம் மாதிரியில் அது பதினான்காம் அட்டைக்கும் பதினைந்தாம் அட்டைக்கும் நடுவில் வரும். அங்கே ஒரு குண்டூசி குத்திவையுங்கள், பிறகு தேவைப்படும். 1907இல் அவரே மீண்டும் வந்து 7120 மீட்டர் உயரமுள்ள திரிசூலில் ஏறினார். நந்தாதேவியின் உள்வட்டத்துக்குள் மட்டும் போக முடியவில்லை. ஹ்யூ ரட்லெட்ஜ் சில முறை முயன்றார். 1932இல் தெற்கிலுள்ள சுந்தர்துங்கா கணவாயைத் தாண்ட முயன்று அவரும் திரும்பினார்.

இவற்றைச் சொல்லும்போது சுவர் முழுமையாக இருப்பதும் மலை இன்னும் இல்லாமல் இருப்பதும் மிக நல்லது. இந்த நிலையிலேயே ஒரு வாரம் விட்டுவைத்தோம். மலையை எப்போது வைப்பீர்கள் என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். அந்த ஏக்கத்தைப் பேச்சால் நான் ஊட்டியிருக்க முடியாது.

அடுத்து இடுக்கு. இதில் அவசரப்படாதீர்கள். அட்டை அடுக்குகளில் இடுக்கின் இருபுறமும் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும். பேப்பர் கட்டரால் அந்தப் படிகளின் விளிம்பைச் சீவி, சுவர்கள் நேராக ஆற்றில் இறங்கும்படி செய்ய வேண்டும். 1934இல் எரிக் ஷிப்டனும் எச். டபிள்யூ. டில்மனும் இந்தச் சுவர்களில்தான் அங்குலம் அங்குலமாக வழி கண்டார்கள். அவர்களோடு இருந்தவர்கள் ஆங் தார்க்கே, பாசங், குசங் என்னும் மூன்று ஷெர்பாக்கள். ஐந்து பேரும் சுமை தூக்கிக்கொண்டு, ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து, உள்வட்டத்துக்குள் முதன்முதலாகக் கால்வைத்தார்கள். மலையேறி உச்சி தொடுவதைவிட உள்ளே உள்ள நிலத்தை அளந்து பதிவு செய்வதில்தான் அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் கருத்தாக இருந்தார்கள். மழைக்காலத்துக்குப் பின் மீண்டும் உள்ளே போய், ரட்லெட்ஜால் வெளியிலிருந்து ஏற முடியாத அந்தச் சுந்தர்துங்கா கணவாயின் வழியாகவே உள்ளிருந்து இறங்கி வெளியேறினார்கள். பிள்ளைகள் கதை சொல்லும்போது ஐந்து பெயர்களையும் சொல்ல வேண்டும் என்று நான் கண்டிப்பாக இருந்தேன். இரண்டு பெயரை மட்டும் சொல்லி, ‘மற்றும் மூன்று சுமைதூக்கிகள்’ என்று முடித்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

இடுக்கு திறந்த பிறகு நடுமலையை வையுங்கள். இங்கே பொதுவாக இரண்டு தவறுகள் நேரும். இரண்டு உச்சிகளையும் ஒட்டகத்தின் திமில்கள்போல உருட்டிவிட்டு, நடுவில் ஆழமான பள்ளம் விடுவது முதல் தவறு. அவற்றுக்கிடையே உள்ள முகடு எங்கும் அவ்வளவு தாழ்வதில்லை; கத்தி விளிம்பு போன்ற கூர்மையோடு மிக உயரத்திலேயே ஓடுகிறது. மாதிரியில் அதன் நீளம் நான்கு சென்டிமீட்டர்தான், ஒரு பிள்ளையின் ஆள்காட்டி விரலைவிடச் சிறியது. அதை உருட்டாமல், மேல் அடுக்குகளுக்கு மட்டும் அட்டைக்குப் பதிலாகத் தடித்த காகிதத்தைப் பல மடிப்பாக ஒட்டிக் கூர்மையாக்குங்கள். முதன்மை உச்சியின் தெற்கு முகட்டையும் கிழக்கு உச்சியின் தெற்கு முகட்டையும் குழப்பிக்கொள்வது இரண்டாவது தவறு. முன்னது உள்வட்டத்துக்குள் இறங்குகிறது. பின்னது லாங்ஸ்டாஃப் கணவாயில், நீங்கள் குண்டூசி குத்திய இடத்தில் போய்ச் சேருகிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் மலையின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும்: முதன்மை உச்சிக்குப் போக வேண்டுமானால் கோட்டைக்குள் நுழைந்தாக வேண்டும், கிழக்கு உச்சி கோட்டைச் சுவரின் மேலேயே இருப்பதால் வெளியிலிருந்தே ஏறலாம்.

மேற்பூச்சுக்கு நம் வீடுகளில் முறமும் கூடையும் மெழுகச் செய்யும் காகிதக் கூழே சிறந்தது. செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயத்தையும் தனியே ஊறவைத்து, இரண்டையும் ஆட்டுக்கல்லில் வெண்ணெய்போல அரைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க் களிமண்ணை விரும்புவோரும் உண்டு. ஆனால் அட்டைமேல் களிமண் பூசினால் காயும்போது வெடிக்கும், எடையும் தாங்காது. கூழை அரை மில்லிமீட்டருக்கு மேல் அப்பாதீர்கள், அப்பினால் உயரக் கணக்குக் கெட்டுவிடும். நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, பிறகு வண்ணம் தீட்டுங்கள். வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செங்குத்தான பாறைக்குச் சாம்பல் நிறம், பனியாறுகளுக்கு வெண்மை, தாழ்ந்த புல்வெளிகளுக்கு மங்கிய பச்சை.

ஏறிய வழிகளைக் காட்ட வண்ணப்பூச்சைவிட நூல் நல்லது. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிகளில் கழிவு நூல் கேட்டால் கொடுப்பார்கள். அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்றும் கிடைத்தாலே போதும்.

சிவப்பு நூலை ரிஷிகங்கை இடுக்கின் வழியாக உள்ளே கொண்டுவந்து, முதன்மை உச்சியின் தெற்கு முகட்டில் ஏற்றி ஒட்டுங்கள். இது 1936ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அமெரிக்கக் குழுவின் வழி. உச்சிக்குப் புறப்பட வேண்டியவர்கள் நோயல் ஓடெலும் சார்லஸ் ஹ்யூஸ்டனும். டப்பாவில் அடைத்த உணவு ஒவ்வாமல் ஹ்யூஸ்டன் நோயுற்றதால் அவரிடத்தில் டில்மன் போனார். ஆகஸ்ட் 29 அன்று ஓடெலும் டில்மனும் உச்சியை அடைந்தார்கள். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதர் ஏறிய உச்சிகளில் இதுவே மிக உயரமானதாக இருந்தது. அதே பயணத்தில் அடிவார முகாமில் நோயுற்று இறந்த ஷெர்பா கிதாரின் பெயரையும் உள்வட்டத்தில் ஒரு சிறு சீட்டில் எழுதி வையுங்கள்.

மஞ்சள் நூல் வெளியிலிருந்து, கிழக்குப் பக்கமாக லாங்ஸ்டாஃப் கணவாய்க்கு ஏறி, கிழக்கு உச்சிக்குப் போகும். இது 1939இல் போலந்துக் குழு கண்ட வழி. ஜூலை 2 அன்று யாகுப் புயாக், யானுஷ் கிளார்னர் ஆகிய இருவரும் கிழக்கு உச்சியைத் தொட்டார்கள். அதே மாதத்தில் அருகிலுள்ள திர்சூலி மலையில் பனிச்சரிவு விழுந்து, குழுவின் தலைவர் ஆதாம் கார்பின்ஸ்கியும் ஸ்டெஃபான் பெர்னாட்ஸிகியெவிச்சும் இறந்தார்கள். உச்சி தொட்ட இருவருமே பின்னாளில், ஒருவர் 1945இலும் மற்றவர் 1949இலும், எங்கே போனார்கள் என்று தெரியாமல் மறைந்துபோனார்கள். இதை மலையின் சாபம் என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது, அவர்கள் நாடு சிதறியது; அந்தக் காலத்தைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லுங்கள்.

கறுப்பு நூல் 1951க்கு உரியது. முதன்மை உச்சியில் ஏறி, அந்த இரண்டு கிலோமீட்டர் முகட்டில் நடந்து, கிழக்கு உச்சி வழியாக இறங்குவது என்று பிரெஞ்சுக் குழு திட்டமிட்டது. குழுத்தலைவர் ரோஜே துப்லாவும் கில்பேர் வின்யும் முதன்மை உச்சியை நோக்கிப் போனார்கள். உச்சிக்குக் கீழே மேகம் மூடியபின் அவர்களை யாரும் காணவில்லை. ஆகவே கறுப்பு நூலை முதன்மை உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். முகட்டின்மேல் கொண்டுபோகாதீர்கள், நுனியை ஒட்டவும் வேண்டாம். கிழக்கு உச்சிப் பக்கம் அவர்களை எதிர்கொள்ளக் காத்திருந்தவர்களில் டென்சிங் நோர்கேயும் லூயி துபோவும், தேடிப் பார்ப்பதற்காக அந்த உச்சியிலேயே ஏறினார்கள்; 1939க்குப் பிறகு அங்கே ஏறியவர்கள் அவர்களே. இரண்டே ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறவிருந்த டென்சிங், தாம் ஏறியவற்றில் இதுவே மிகக் கடினமானது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். மஞ்சள் நூலின் பக்கத்திலேயே இன்னொரு கறுப்பு இழையை ஓட்டி இதைக் காட்டலாம்.

பிள்ளைகள் அந்த நான்கு சென்டிமீட்டரை விரலால் தடவிப் பார்க்கட்டும். 1976இல் ஜப்பானிய மலையேறிகள் கிழக்கு உச்சியிலிருந்து முதன்மை உச்சிக்கு அதை முதன்முதலாகக் கடந்தார்கள். பலகையில் ஒரு விரல்நீளத்துக்கும் குறைவான அந்த இடைவெளிக்கு 25 ஆண்டுகள் ஆயின.

மற்ற ஏற்றங்களுக்கு நூல் போடத் தேவையில்லை, சீட்டுகள் போதும். நூல்கள் மிகுந்தால் மலை மறைந்துவிடும். 1964இல் நவாங் கோம்பு, தாவா நோர்பு ஆகியோர் உச்சி தொட்ட இந்தியக் குழுவின் ஏற்றம், முதன்மை உச்சியின் இரண்டாவது ஏற்றம். 1976 செப்டம்பரில் வடக்குப் பக்கமாகப் புதிய வழி கண்ட அமெரிக்க இந்தியக் குழுவில், மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நந்தாதேவி அன்சோல்ட் என்ற இளம்பெண் உயர்முகாமில் தந்தையின் கண்முன் இறந்தாள். 1981இல் ரேகா சர்மா, ஹர்ஷவந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் ஆகிய மூவரும் முதன்மை உச்சியை அடைந்த முதல் பெண்கள். எங்கள் வாசிப்புக்கு வரும் பெண்பிள்ளைகள் இந்தச் சீட்டைத் தாங்களே எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

ஏற்றம் அல்லாத செய்திகளுக்கு வேறு நிறச் சீட்டு வையுங்கள். சீனாவின் ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக, புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றை 1965இல் இந்திய, அமெரிக்க உளவுத்துறைகள் மலைமேல் வைக்க முயன்றன. புயலால் கருவியை உச்சிக்குக் கீழேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை. 1974இல் கௌரா தேவியும் ஊர்ப்பெண்களும் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்த ரேணி கிராமம், ரிஷிகங்கை இடுக்கின் வாயில், நம் பலகைக்குச் சற்று மேற்கே அமைகிறது; பலகையின் சட்டத்தில் அம்புக்குறியிட்டு எழுதுங்கள். 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் பாய்ந்ததும் அதே ஊரின் வழியாகத்தான்.

உள்வட்டத்தைச் சுற்றி மெல்லிய கம்பியால் ஒரு வளையம் இடுங்கள். மலையேறிகளும் அவர்களுக்குப் பின்னே வந்தவர்களும் விட்ட குப்பையும் வெட்டிய விறகும் அந்த நிலத்தைக் கெடுத்ததால், 1982இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுமுதல் உட்பகுதி மூடப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிவப்பு நூலின் வழி கம்பி வளையத்துக்குள் அகப்படும். மஞ்சள் நூலின் வழி சுவரின் வெளிப்புறத்தில் இருப்பதால் கிழக்கு உச்சிக்கு முயற்சிகள் தொடர்ந்தன. 2019 மே மாதத்தில் அந்தப் பக்கத்தில் பெயரிடப்படாத ஒரு சிகரத்தின் அருகே எட்டு மலையேறிகள் பனிச்சரிவில் இறந்தார்கள்.

மாதிரியை வைக்கும்போது அதன் வடக்கையும் அறையின் வடக்கையும் ஒன்றாக வையுங்கள். மாலை வெயில் மேற்குச் சன்னல் வழியாகச் சாய்ந்து விழும் இடமாக இருந்தால் ஒளி முதலில் ரிஷிகங்கை இடுக்கின் வழியாக நுழைந்து முகட்டைத் தொடும். பார்வையாளர் கை படும் உயரத்தில் வையுங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். ஐப்பசி மழைக்காலத்தில் கூழ் ஈரம் வாங்கி நூல்கள் தளரும். கார்த்திகை கழிந்து காற்று உலர்ந்தபின் தூசி தட்டி, தளர்ந்த இடங்களை மறுபடி ஒட்டுங்கள். கறுப்பு நூலின் நுனியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.